பூட்டுப் போட்ட டீசல் டேங்க்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் கேட்டரிங் நடத்திவந்தேன். வேன் ஓட்டியவர் காக்ஸ் டவுன் செல்வராஜ். டீசல் திருடுகிறாரோ என்று சந்தேகம் வந்ததும், டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி வாங்கி மாட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் வேன் இழுக்காமல் திணறியது. ஃபில்டரை மாற்றினோம், பம்ப்பைப் பிரித்துப் பார்த்தோம். மெக்கானிக் பக்கத்துத் தெருவரை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் நன்றாக ஓடியது. ஆனேக்கல் கல்யாணத்துக்குச் சாப்பாடு தாமதமாகப் போன அன்று, "பூட்டுப் போட்டேன்னு வேணும்னே மெதுவா ஓட்டுறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, அவரை வேலையை விட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் நானே ஓட்டினேன். ஓசூர் ரோட்டு மேட்டில் அதே திணறல். டீசல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. வண்டி பழையபடி ஓடியது. டீசல் குறையும்போது காற்று உள்ளே போக, நான் வாங்கிய மூடியில் துளையே இல்லை; அதனால்தான் போகப்போக டீசல் எஞ்சினுக்குச் சரியாக வரவில்லை.

செல்வராஜ் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, வேலைக்குக் கூப்பிட்டேன்.

"நானே தெறந்து பாத்திருப்பேன் சார்," என்றார். "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு."

அவர் வரவில்லை. மூடியை மாற்றிவிட்டேன். அதன்பிறகு வேன் மேட்டில் நன்றாக இழுக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.