தெக்ஸியே என்றால் நெசவாளி

என் மூத்த சகோதரர், காக்கா, லுஹர் தொழப் போயிருந்ததால், இன்று மத்தியானம் எங்கள் கல்முனைத் துணிக்கடையில் நான்தான் நின்றேன்.

அறுகம்பேயில் தங்கியிருக்கும் ஒரு பிரெஞ்சுப் பெண், ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன் வாங்க வந்தார். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தில் கதைத்தோம். பெயரைக் கேட்டேன். குடும்பப் பெயர் தெக்ஸியே என்றார்.

"அப்படியென்றால்?"

"பழைய பிரெஞ்சில் நெசவாளி. எங்கள் நாட்டின் மேற்குப் பக்கம் இந்தப் பெயர்க்காரர் நிறையப் பேர். எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் நெய்வதில்லை."

பிறகு ஒரு நீலச் சாரனைத் தடவிப் பார்த்து, "இது கைத்தறியா?" என்றார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

அது கொழும்பிலிருந்து வந்த மெஷின் துணி. மருதமுனைக் கைத்தறி பின்னறை அலுமாரியில் இருந்தது. போய் எடுக்கப் பஞ்சி, வெறும் சோம்பல்.

"அப்பாவுக்குத்தான். படுக்கையில் இருக்கிறார். கையால் நெய்தது என்றால் சந்தோஷப்படுவார்" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையில் போட்டுக் கொடுத்தேன்.

காக்கா வந்ததும் சொன்னேன்.

"அவக்கு எங்க விளங்கப் போகுது?" என்றவர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "தொழுதுட்டு வந்த மனிசன்கிட்ட ஏன் புள்ள இதச் சொன்ன?" என்றார்.

அறுகம்பேயில் கெஸ்ட்ஹவுஸ் நடத்தும் நண்பர்களே, தெக்ஸியே என்று யாராவது தங்கியிருந்தால் அறிவியுங்கள். கைத்தறிச் சாரனோடு நாளைக் காலை பஸ் ஏறுகிறேன். என் பொய்யை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் முந்திவிடாதீர்கள்.