புல்லில் குப்புறப் படுத்த ஞாயிறு

மியூசியம் என்றால் பானை, சட்டி, பழைய கதிரை இருக்கும் என்று நினைத்துத்தான் மகளோடு கிளம்பினேன். நாங்கள் இருக்கிற பான் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். வழியெல்லாம் டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன். வாசல் கதவைப் பூட்டினேனா என்பது வேறு கவலை.

போன இடம் இராணுவ மியூசியம். சின்னக் கட்டிடம், உள்ளே தொப்பிகள், பதக்கங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் யாரோ சாப்பிட்ட தகரக் கோப்பை. பின்பக்கப் புல்வெளியில் ஐந்து டாங்கிகள். ஐஸ்கிரீமும் கையுமாகப் பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடினார்கள். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

மகள் என்னை ஒரு வாங்கில் இருத்தினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. நேர்ஸ் வேலைக்குப் படிக்கப் போவதாகத்தான் அதுவரை சொல்லியிருந்தாள்.

"அம்மா, இஞ்சத்தை ஆமியிலை சேர எழுதிப் போட்டனான். செவ்வாய்க்கிழமை சோதனைக்கு வரச்சொல்லி டெர்மீன் தந்திருக்கினம்."

வீட்டில் சொன்னால் கத்துவேன் என்று, ஆட்கள் நிற்கிற இடமாகப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறாள். ஆமிக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவளின் பிள்ளையா இப்படிக் கதைக்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்கள் ஓடினனீங்கள். நான் ஏன் ஓட வேணும்? இது என்ரை நாடு."

அந்த நேரத்தில் ஒரு டாங்கியை இயக்கிக் காட்டப் போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். எனக்கு அது கேட்கவில்லை. இயந்திரம் உறுமியது மட்டும் கேட்டது.

பிறகு பார்த்தால் நான் புல்லில் குப்புறக் கிடக்கிறேன். நெஞ்சு நிலத்தில் முட்டாமல் ஒரு முழங்கையை ஊன்றியிருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. மற்றக் கை மகளின் பிடரியை நிலத்தோடு அமுக்கியிருக்கிறது. அவளை எப்போது இழுத்து விழுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பதினாலு வயதில், ஊரில் எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையால் ஆமியின் டாங்கி போன அன்று, தங்கச்சியை இப்படித்தான் அமுக்கிப் பிடித்திருந்தேன். அதோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது.

ஆட்கள் பார்த்தார்கள். மகள் வெட்கத்தில் திமிறுவாள் என்று நினைத்தேன். இயந்திரம் ஓயும்வரை அசையாமல் கிடந்தாள்.

"ஏன் வாயைத் திறந்து வைச்சிருக்கிறீங்கள்?"

"மூடினால் குண்டு விழேக்கை காது போயிடும்."

அவளும் வாயைத் திறந்தாள். சிரிக்கவில்லை.

ரயிலில் அவள் என் கையை விடவேயில்லை. மனம் மாறிவிட்டாள் என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை விடிய எழும்பி வெளிக்கிட்டாள். தனிய விட மனமில்லாமல் நானும் போய், சோதனை நடக்கிற கட்டிடத்துக்கு எதிரே பஸ் தரிப்பில் மத்தியானம் தாண்டும்வரை இருந்தேன். ஒரு பஸ்ஸிலும் ஏறாத என்னை யாராவது சந்தேகப்படுவார்களோ என்று அதற்கும் பயந்தேன்.

வெளியே வந்தவள், "எடுபட்டிட்டன், அம்மா. என்னை ஆமியிலை சேர்க்கினமாம்" என்றாள்.

சந்தோஷம் என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். என் கை தானாக எழும்பி அவள் பிடரியைப் பிடித்து அமுக்கியது. நடைபாதையில், அத்தனை பேர் பார்க்க, அவள் குனிந்து கொடுத்தாள்.