முடக்கி வைத்த பதினொன்று

என் வலைப்பூவில் பதினாறு பிளகின்கள் இருந்தன. வேலை செய்தவை ஐந்து. மற்ற பதினொன்றையும் முடக்கி வைத்திருந்தேன். முடக்கினேனே தவிர நீக்கவில்லை. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அலுவலகத்தில் முடிந்த கோப்பைப் பதிவறைக்கு அனுப்புவோம், அழிக்க மாட்டோம். அழிப்பதற்கும் விதி உண்டு. அதற்கு ஓர் உத்தரவு வேண்டும், உத்தரவு போட வேண்டியவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

பிளகின் என்பது வலைப்பூவில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். ஒன்று நாட்காட்டி காட்டும், ஒன்று வந்தவர்களை எண்ணும். மலைக்குக் குடிவந்த முதல் மார்கழியில், பக்கம் முழுக்கப் பனி கொட்டுகிற ஒன்றைச் சேர்த்தேன். "வெளிய கொட்டறது பத்தலியா?" என்று மனைவி கேட்டதும் அதை முடக்கினேன். வாசகர்கள் கேள்வி அனுப்ப ஒரு படிவமும் வைத்திருந்தேன். கேள்விகள் வரத் தொடங்கியதும் அதையும் முடக்கினேன்.

எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன தாள் வேண்டும், எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதுதான் நான் எழுதியதெல்லாம். மலையிலிருந்து அடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கி, ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி ஏறினால் அன்றைய பொழுது போயிற்று. அதனால் நிறையப் பேர் படித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்டேட் செய்யச் சொல்லித் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு எண் நின்றுகொண்டே இருக்கும். ஐந்துக்கு மட்டும் தவறாமல் செய்வேன். பயன்பாட்டில் இல்லாததற்கு எதற்கு அப்டேட்? ஓய்வு பெற்றவனைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவார்களா? இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

பிளஸ் டூ முடிவு வந்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் சாமை பயிரிடும் குடும்பத்து அம்மா வந்தார். அவர் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை, மதிப்பெண்ணும் இருந்தது. கலந்தாய்வுக்கு முன்னால் இனச்சான்று கையில் இருக்க வேண்டும். அதற்கான நேர்விசாரணை வியாழக்கிழமை, திருப்பத்தூரில்.

"சார், உங்க பக்கத்தத் தொறந்தா சீட்டாட்டம் வருது சார். பாப்பா பயந்துகினு போனை வச்சிட்டா."

"எதையாவது அமுக்கியிருப்பீங்க."

"நாங்க இன்னா சார் அமுக்கப்போறோம்? நீங்க எழுதிக் குடுத்த பேரத்தான் போட்டா."

போன் எங்கே என்று கேட்டேன். மகளிடம் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். என் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பக்கம் ஒழுங்காக இருந்தது.

"பாத்தீங்களா? சீட்டும் இல்ல, ஆட்டமும் இல்ல."

"இதுல நல்லாதான் கீது சார். போன்லதான்…"

"அப்ப போனுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "சரி சார், இன்னான்னா காயிதம் எடுத்துகினு போவணும்னு வாயால சொல்லிடுங்களேன்."

நான்கு தாள்கள். சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "வாயால சொன்னா ஒண்ணு விட்டுப்போகும்மா. அப்பறம் சார் சொல்லலன்னு ஆயிடும். எழுத்துல இருக்கு, வேற போன்ல பாருங்க" என்றேன்.

"சரிங்க சார், போய்ட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

மறுவாரம் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். "சான்று வாங்கியாச்சா?" என்று கேட்டேன், வாங்கியிருப்பார்கள் என்ற நினைப்பில்.

"இல்ல சார். அப்பா வழி சொந்தத்துல யாருதாவது சான்று வேணுமாம். நாங்க எடுத்துகினு போவல. மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள மொத சுத்து முடிஞ்சிடுமாம்."

என் பட்டியலில் முதல் வரியே அதுதான். "வேற போன்ல பாக்கலியா?" என்றேன்.

"பாத்தோமே சார். பக்கத்து வூட்டு போன்லயும் சீட்டாட்டந்தான்." இடுப்பிலிருந்து போனை எடுத்துத் திறந்து காட்டினார். மேலே என் வலைப்பூவின் முகவரி, கீழே சீட்டுகள் விரிந்து காசு மழை கொட்டியது. என் போனில் திறந்தேன். அதிலும் கொட்டியது. என் பக்கத்தை அதுவரை நான் போனில் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் துருவியதில் விஷயம் புரிந்தது. முடக்கி, அப்டேட் செய்யாமல் விட்ட கேள்விப் படிவத்தின் பழைய ஓட்டை வழியாக எவனோ உள்ளே நுழைந்திருந்தான். உரிமையாளன் கணினியில் திறந்தால் பழைய பக்கம், ஊரார் போனில் திறந்தால் சூதாட்டம். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குச் சுத்தமான அறையை மட்டும் திறந்து காட்டும் அந்தக் கலையை நானும் பல வருடம் செய்தவன்தான். எனக்கே யாரோ செய்து காட்டும்வரை அது என் மூளைக்கு எட்டவில்லை.

பக்கத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் பதினொன்றையும் நீக்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மாலை நான்கு தாள்களின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். அம்மாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்குப் பக்கத்துல ஒரு பழுது ஏற்பட்டுடுச்சு" என்று தொடங்கினேன். அலுவலக மொழியில் எல்லாம் தானாகவே ஏற்படும், யாரும் எதையும் செய்வதில்லை.

"போன்ல இல்லியா சார்?" என்றார் அம்மா.

"இல்லம்மா. என் பக்கத்துலதான். கவனிக்காம விட்டது நான்தான்."

"அட, அது மிசினு சார். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மேலே ஏறி வந்திருப்பேன். அதற்குள் மகள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"இவ்ளோதானா சார்?"

"ஆமாம்மா."

"இத அம்மாகிட்ட வாயால சொல்லியிருக்கலாமே சார்."

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அடுத்த விசாரணைக்கு நானும் திருப்பத்தூர் வருகிறேன் என்று சொன்னேன். "வாணாம் சார், அதான் எழுதிக் குடுத்துட்டீங்களே" என்று அம்மா மறுத்துவிட்டார்.

சான்று கிடைத்தது. இரண்டாம் சுற்றில் நர்சிங் கிடைக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்யும் படிப்பில் ஓர் இடம் இருந்தது, சேர்ந்துவிட்டாள். விடுமுறைக்கு வந்தபோது நிறுத்தத்தில் பார்த்து, "நல்லா கீறீங்களா சார்?" என்றாள். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போவுது சார்" என்றாள்.

கேள்விப் படிவம் இருந்த இடத்தில் இப்போது என் போன் எண் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கிறார்கள், சொல்கிறேன். பெரும்பாலும் அரை நிமிடம்தான் ஆகிறது.