அம்மா கால் நீட்டிய மேடை

பெரியவளே, நீ அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நடந்தது இது. சின்னவனும் கேட்டுக்கொள். அப்போது செங்கம் ரோட்டுப் பக்கம் நம் சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். அம்மாவால் தரையில் உட்கார்ந்து காய் நறுக்க முடியவில்லை. நின்றால் கால் வீங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி மேடை வேண்டும் என்றாள்.

சமையலறையில் இரண்டு குட்டைச் சுவர் எழுப்பி, மேலே கடப்பாக் கல் போட்டோம். கீழே கால் நுழைய வேண்டுமே என்று, ஜன்னல் பக்கம் ஒன்றரை அடி கல்லைச் சுவருக்கு வெளியே நீட்டச் சொன்னேன்.

கொத்தனார் தட்டிப் பார்த்தார். "அந்தரத்துல நிக்குது சார். கனமா எதனா வெச்சா ஒடைஞ்சிடும்."

கல் அம்மா மடியில் விழுந்துவிடக் கூடாதே என்று, முட்டுக்கொடுக்க ஒரு தூண் தேடினேன். கீழ்பென்னாத்தூரில் மச்சான் வயலில், வேலிக்கு நட்டதுபோக மிஞ்சிய உடைந்த கல்தூண் ஒன்று கிடந்தது. அதை பஸ்ஸில் ஏற்றினேன்.

"கோயில் கட்டப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

நீட்டிய கல்லுக்கு நட்டநடுவில் தூணை நிறுத்தி ஆப்பு அடித்தேன். பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தாள். முட்டி தூணில் இடித்தது. தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் பார்த்தாள்.

"கல்லுக்கு நல்லா வசதி பண்ணிட்டீங்க. என் காலை எங்க கழட்டி வைக்கறது?"

நமக்கு கேட் செய்துகொடுத்த வெல்டர் பாயை அழைத்து வந்தேன்.

"தூணே வேணாம் சார். கல்லுக்கு அடியில ரெண்டு இரும்பு ஆங்கிள் குடுத்துடலாம். வெளிய ஒன்றரை அடின்னா உள்ள மூணு அடி போவணும். கல்லோட கனமே அதை அமுக்கிப் புடிச்சுக்கும்" என்றார். சுவரின் தலையில் பள்ளம் வெட்ட உளியை எடுத்தார்.

"மாசமா இருக்கறப்ப சுவத்தை இடிக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க" என்றாள் அம்மா.

"இடிக்கல தங்கச்சி, லேசா சீவறேன்."

தூணை எடுத்துவிட்டு, ஆள் சேர்த்துக் கல்லைத் தூக்கி, ஆங்கிளைப் பதித்து, மறுபடி இறக்கினோம். ஒரு வாரம் சிமென்ட் இறுகியதும் பாய் வந்தார்.

"நீங்க இருங்க தங்கச்சி. சார் மொதல்ல ஏறட்டும். ஒடைஞ்சா அவரோட போவட்டும்."

ஏறி உட்கார்ந்தேன். ஆடச் சொன்னார், ஆடினேன். கல் அசையவில்லை.

பிறகு அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் முழுசாக நீட்டினாள். வெங்காயம் உரித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"சாதத்தை நீங்களே வடிச்சிடுங்க. எனக்கு எழுந்திரிக்க மனசு வரலை."

வடித்தேன். கஞ்சி கையில் கொஞ்சம் கொட்டியது. அவள் எழுந்து வந்துவிடக் கூடாதே என்று, சத்தமில்லாமல் கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டேன்.