சிங்கத்தைப் பார்க்காத பெண்

பன்னேர்கட்டா மிருகக்காட்சி சாலையின் சஃபாரி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மஞ்சள் புடவை, தலை நிறையப் பூ. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை அவளால். இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக எழுந்து எழுந்து ஓடினாள். "கூத்கொள்ளம்மா!" என்று டிரைவர் கன்னடத்தில் உட்காரச் சொல்லி அதட்டினார்.

சிங்கத்தைப் பார்த்து வேனே கத்தியது. அவளோ, சிங்கங்கள் திரியும் அடைப்பின் உள்கேட்டைத் திறந்துவிட்ட காக்கிச்சட்டைக்காரரைப் பார்த்தாள். அவர் கையில் ஒரு கம்பு. சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவருதான்க்கா எங்க வீட்டுக்காரரு. டிக்கெட் கிழிக்கிற வேலைன்னு ஏமாத்திட்டிருக்காரு. யாரோ சொன்னாங்க, பாக்க வந்தேன்."

"வீட்டுக்கு வரட்டும், நல்லா கேளு!" என்றேன்.

"ஐயோ, கேக்கமாட்டேன். நான் பயப்படுவேன்னுதானே மறைக்கிறாரு? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அங்க நிக்கும்போது என் நெனப்பு வரும். சிங்கத்துகிட்ட நிக்கிற ஆளுக்கு வேற நெனப்பு வரலாமா?"

வேன் நின்றதும் நீலசந்திரா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவர் வருவதற்குள் சோறாக்க வேண்டுமாம். அத்தனை பயத்தையும் எங்கே ஒளித்துவைத்துவிட்டு அன்றைக்கு அவருக்குப் பரிமாறினாளோ!