கல்யாணிலிருந்து வந்த சைலோ

கலைச்செல்வி பழைய சைலோ தேடுகிறாள் என்ற செய்தி, மாஹுல் ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோடையில் தெரிந்துவிட்டது. இவ்வளவு சின்னப் பட்டறைக்கு அது எதற்கு என்று சிலர் கேட்டார்கள்.

செம்பூரில் அவளுக்கும் அவள் புருஷன் சுடலைக்கண்ணனுக்கும் ஒரு பேவர் பிளாக் பட்டறை இருந்தது. நடைபாதையில் பதிக்கிற சிமென்ட் கற்கள். கண்ணன் பதினாறு வயதில் நாங்குநேரியிலிருந்து ரயிலேறி வந்தவர். கலைச்செல்வி தாராவியிலேயே பிறந்து, முனிசிபல் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தவள். ஆர்டர் பிடிப்பது, பில் போடுவது, இன்ஜினியர்களிடம் இந்தியில் சண்டை போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. கலவை கண்ணனின் பொறுப்பு. சிமென்ட்டும், அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சுகிற ஃப்ளை ஆஷ் சாம்பலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டையைக் கிழித்து மிக்ஸரில் கொட்டும்போது எழும் புழுதியில் எதிரே நிற்கிற ஆள் தெரியமாட்டான். வேறு ஆளை விட்டால் அளவு தப்பும் என்று பன்னிரண்டு வருஷமாக அவரே கொட்டினார். அதற்கு முன்னால் இன்னொருவர் பட்டறையில் பதினாலு வருஷம்.

ஐம்பத்தோரு வயதில் அவரால் தெருமுனைவரை நிற்காமல் நடக்க முடியவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், தூசியைவிட்டு விலகினால் சில வருஷம் ஓட்டலாம் என்றார். விலகாவிட்டால் என்ன என்று கலைச்செல்வி கேட்கவில்லை. கண்ணனோ வீட்டில் உட்கார மறுத்தார்.

"பத்துக்குப் பத்து ரூம்ல உக்காந்து மூச்சு வாங்குததுக்கு, பட்டறையில உக்காந்து வாங்குதேன். அங்கயாவது காத்து உண்டு" என்றார்.

சைலோ என்கிற உயரமான இரும்புத் தொட்டி இருந்தால் மூட்டையே வேண்டாம். டேங்கர் லாரி வந்து குழாய் வழியாகச் சாம்பலை மேலே ஊதிவிட்டுப் போய்விடும். அது அடியிலிருக்கும் கூம்பு வழியாக இறங்கி, மூடிய குழாயில் மிக்ஸருக்குப் போகும். யாரும் எதையும் கிழிக்கவேண்டாம், கொட்டவேண்டாம். புதிதாக வாங்க அவர்களுக்கு வசதியில்லை. கல்யாண் பக்கம் ஷில் ரோட்டில் ஒரு கான்கிரீட் பிளான்ட்டை மூடிவிட்டார்கள், அங்கே ஐம்பது டன் சைலோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று ஃபிட்டர் நயினார் சேதி கொண்டுவந்தான். நயினார் கண்ணனுக்குத் தூரத்துத் தம்பி முறை. தாராவியில் அவர்கள் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் சயானில் ரயிலேறிப் போனார்கள்.

பிளான்ட்டில் விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பத்ரி. ஐம்பதை நெருங்கிய, மாட்டுங்காக்காரர்.

"வாங்கோம்மா. தமிழ்க்காரான்னு சொன்னா. நல்லதாப் போச்சு. இந்தி பேசிப் பேசித் தொண்டை வத்திப் போறது" என்று நாற்காலி போடச் சொன்னார்.

சைலோவைக் கழற்றி, மரக்கட்டைகள்மேல் படுக்கவைத்திருந்தார்கள். புதுச் சாம்பல்நிற பெயின்ட். நயினார் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போனான். உடம்பு முழுக்க மணிபோலக் கேட்டது. கூம்புக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது.

"மதினி, உள்ள கட்டி புடிச்சிருக்கு. மேல்மூடி வழியா மழத்தண்ணி எறங்கி, சாம்பலும் சிமென்ட்டும் இறுகிட்டு. படுத்துக் கெடக்கும்போதே ஆள் உள்ள போயி கொத்தி எடுத்துரணும். நிமித்தின பொறவுன்னா ஆபத்து."

"செஞ்சிரலாமா?"

"ஒரு நாள் வேல. நானே செஞ்சு தாரேன்."

கூம்புக்குச் சற்று மேலே, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சதுரமாகத் தகட்டை வெட்டி மறுபடி ஒட்டியிருந்தது. பெயின்ட்டுக்கு அடியிலும் வெல்டிங் தழும்பு தெரிந்தது. கலைச்செல்வி அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"மெயின்டனன்ஸுக்கு ஒரு டோர் வெச்சிருந்தா. அப்புறம் க்ளோஸ் பண்ணிட்டா" என்றார் பத்ரி.

நயினார் தகட்டின் கனத்தை அளந்துகொண்டிருந்தபோது அவள் கழிப்பறை தேடிப் பின்பக்கம் போனாள். வாட்ச்மேனின் மனைவி சுஷ்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமான் வாங்க வந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வோ மத் லோ, தீதி. அந்தர் ஆத்மி தப் கயா தா."

அதை வாங்காதே அக்கா, உள்ளே ஓர் ஆள் புதைந்துபோனான் என்றாள். போன மழைக்காலத்தில் நடந்தது. சாம்பல் அடைத்துக்கொண்டது என்று ஜார்க்கண்ட்காரன் ஒருவனை இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து இறக்கினார்கள். அவன் காலுக்கடியில் கெட்டியாக இருந்தது வெறும் மேல்தோல்தான். அடியில் பள்ளம். தோல் உடைந்து ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது. மேலே நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தும் சாம்பல் விடவில்லை. பக்கவாட்டில் தகட்டை வெட்டி வெளியே எடுத்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாயெல்லாம் சாம்பல் என்றாள் சுஷ்மா. அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

கலைச்செல்வி திரும்பி வந்து பத்ரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போலீஸ், லேபர் ஆபீஸ் எல்லாம் பார்த்து முடிச்சாச்சும்மா. அந்தக் குடும்பத்துக்கும் செட்டில் பண்ணியாச்சு. நான் மறைக்கணும்னு நெனைக்கலை. நீங்க கேக்கலை."

"கேட்டேனே சார். இந்த ஒட்டு என்னன்னு கேட்டேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வேண்டாம்னா விட்டுடுங்கோ. நாளைக்கு ஸ்க்ராப்காரன் வரான். உங்களுக்கு இவ்வளவு கொறைச்சு ரேட்டு சொன்னது எதனாலேன்னு இப்போ தெரிஞ்சிருக்குமே."

அன்று காலை கிளம்பும்போது கண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் நினைத்தாள். செருப்பை மாட்டக் குனிந்தவர், நிமிர முடியாமல் அப்படியே நின்றார். நயினார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"தகடு நல்லா இருக்கு மதினி. முடிச்சிரலாமா?"

"முடிச்சிருவோம்" என்றாள்.

திரும்புகிற ரயிலில் நயினார் உற்சாகமாக இருந்தான். அஸ்திவாரம் எங்கே, குழாய் எங்கே என்று விரலால் தன் முழங்காலில் வரைந்து காட்டினான். திவா தாண்டுவதற்குள் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். தாணே வந்தது. குர்லா வந்தது. சயானில் இறங்கி நடந்து, சந்து முனையில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

பத்து நாள் கழித்து, விடிகிற நேரத்தில் டிரெய்லர் வந்தது. கிரேன் சைலோவைத் தூக்கிப் பட்டறை நடுவே கட்டைகள்மேல் கிடத்தியது. கண்ணன் அதைச் சுற்றி வந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மீதியைச் சுற்றினார்.

"ஏட்டி, யானையில்லா வாங்கிட்டு வந்துருக்க!" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் நயினார் முகத்தில் மாஸ்க் போட்டு, ஒரு பல்பை இழுத்துக்கொண்டு, உளியும் சுத்தியலுமாக மேல்மூடி வழியாக உள்ளே தவழ்ந்தான். மத்தியானம்வரை கொத்துகிற சத்தம் கேட்டது. கட்டி கட்டியாக வெளியே வந்ததை வேலையாள் மாரீஸ்வரன் தள்ளுவண்டியில் அள்ளினான். பிறகு சத்தம் நின்றது. நயினார் வெளியே வந்தபோது கையில் ஒரு கயிற்றுத் துண்டு இருந்தது. சிமென்ட் ஏறி விறைத்திருந்தது.

"இது என்ன மதினி?"

"ஏதாவது சாமான் கட்டி எறக்குன கயிறா இருக்கும்" என்றாள்.

அவன் அதைத் திருப்பினான். வளையமாக முடிச்சு போட்டு, ஒரு பக்கம் கத்தியால் அறுத்திருந்தது. ஓர் ஆள் இடுப்பு கொள்கிற வளையம். நயினார் முப்பது வருஷமாக உயரத்தில் வேலை பார்க்கிறவன். முடிச்சைப் பார்த்தான், அந்தச் சதுர ஒட்டைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கயிற்றைக் கீழே வைத்தான். கை கால் கழுவினான். சாமான் பையைக்கூட எடுக்காமல் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

நயினார் பத்ரியைப் போனில் பிடித்துக் கேட்டுவிட்டான்; சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

ஆட்கள் சைலோ பக்கமே போகவில்லை. அதை நிமிர்த்தக் கிரேன்காரனுக்குச் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நயினாரைத் தேடிப் போனாள். அறுபதடி ரோட்டு டீக்கடையில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு ஓரமாக வந்தான்.

"தப்புத்தான். என்ன வேணும்னாலும் பேசு. வேலைய மட்டும் முடிச்சுக் குடு" என்றாள்.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் உள்ள போயிருப்பேன் மதினி. அண்ணனுக்காகப் போயிருப்பேன். மேல தொங்குன கட்டிய மொத முட்டுக் குடுத்து நிப்பாட்டிட்டு, பொறவு கொத்தியிருப்பேன். ஆளு செத்த எடம்னு தெரிஞ்சா நான் பாக்குத பார்வையே வேற. நீங்க என்னக் கண்ணக் கட்டி உள்ள விட்டுட்டிய." அவன் குரல் உயரவில்லை. "எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்குல்லா."

அவள் அழவில்லை. அழுதால் அது அவனைப் பணியவைக்கிற தந்திரமாகிவிடும் என்று தோன்றியது. ஆட்டோ பிடித்துச் செம்பூருக்குத் திரும்பினாள்.

பட்டறை கேட்டில் மாரீஸ்வரன் நின்றிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குச் சத்தம் கேட்டது. சைலோவுக்குள்ளிருந்து சுத்தியல் அடி. இரண்டு அடி, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு ஓர் அடி.

"நான் தடுத்தேன்க்கா. கேக்கல. விடிஞ்சதும் வந்துட்டாரு" என்றான் மாரீஸ்வரன்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். பல்பைச் சுற்றிச் சாம்பல் புகையாக நின்றது. கண்ணன் கூம்பின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை, புருவம், உதடு எல்லாம் ஒரே வெள்ளை. மாஸ்க் கழுத்தில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவரால் மூச்சுவிட முடியவில்லை. சுவரில் இன்னும் முழ அகலத்துக்குத்தான் கட்டி பாக்கி இருந்தது.

"வெளிய வாங்க. உங்களக் கும்பிடுதேன், வெளிய வாங்க."

"இன்னும் கொஞ்சந்தான் ஏட்டி."

"யார் உங்கள உள்ள வரச் சொன்னா?"

அவர் பேச வெகுநேரம் ஆயிற்று. "எனக்காவத்தான வாங்குன. வேற எவன் வருவான்?"

அவரை இழுத்து வெளியே கொண்டுவர மாரீஸ்வரனும் உள்ளே வரவேண்டியிருந்தது. வெயிலில் படுக்கவைத்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அவள் முந்தானையை நனைத்து நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சாம்பல் வந்துகொண்டேயிருந்தது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நான்கு நாள் வாயில் குழாய். அதற்கு முன்னால் ஒருநாள், கிரேன்காரனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். சொல்லியாச்சு என்று பொய் சொன்னாள். பத்தாம் நாள் அதிகாலை போய்விட்டார்.

எப்படியும் ஆறு மாதத்துக்குமேல் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். துட்டி கேட்க வந்தவர்கள் அதையே திரும்பத் திரும்ப அவளுக்குச் சொன்னார்கள், அதில் அவள் ஆறுதல் கொள்ளவேண்டும் என்பதுபோல. ஆறு மாதம் அவளுக்குக் கொஞ்சமாகத் தெரியவில்லை. ஆறு மாதம் என்றால் ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி. நயினார் வந்திருந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். அவளிடம் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பாக்கியிருந்த கட்டியை அவளே உள்ளே போய்க் கொத்தி எடுத்தாள். மூன்று மணி நேரம் பிடித்தது. வடாலாவிலிருந்து வேறொரு ஃபிட்டரை வைத்துச் சைலோவை நிமிர்த்தினாள். முதல் டேங்கர் வந்து ஊதியபோது பட்டறையில் ஒரு பொட்டுத் தூசி பறக்கவில்லை. மாரீஸ்வரன் அவளைப் பார்த்தான். அவள் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஜூலையில் விடாத மழையில் சைலோ அடைத்துக்கொண்டது. சாம்பல் இறங்கவில்லை. ஒரு பில்டரின் பெரிய ஆர்டர் பாதியில் நின்றது. அவருடைய இன்ஜினியர் பட்டறைக்கே வந்து கத்தினார்.

"அக்கா, நான் கயித்தக் கட்டிட்டு எறங்குதேன். பத்து நிமிசம். கம்பியால ஒரு குத்து குத்துனா போதும்" என்றான் மாரீஸ்வரன்.

"எறங்கக் கூடாது."

"எல்லாப் பிளான்ட்லயும் எறங்கத்தான செய்தாவ?"

மேலே போகிற ஏணியின் கீழ்ப்பாதியை அவள் கழற்றி எடுத்துவந்து ஆபீஸுக்குள் வைத்துப் பூட்டினாள். பட்டறை நாலு நாள் மூடிக் கிடந்தது. இன்ஜினியர் ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். சைலோவை வெளியிலிருந்து வெட்டிச் சுத்தம் செய்ய ஆள் கேட்டு, நயினார் உட்பட ஐந்தாறு பேருக்கு அவள் போன் செய்தாள். ஐந்தாம் நாள் காலையில் கேஸ் சிலிண்டரை வண்டியில் வைத்துக்கொண்டு நயினார் வந்தான். வெட்டவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான். ஆட்களைத் தூர நிற்கச் சொன்னான். தகட்டைத் திறந்து, நீளக் கம்பியால் வெளியே நின்றே குத்திச் சாம்பலை இறக்கினான். இருட்டுவதற்குள் மறுபடி மூடி வெல்டிங் போட்டு முடித்தான்.

"டீ சொல்லட்டா?" என்றாள்.

"வேண்டாம். அந்த மேல்மூடி ரப்பர மாத்துங்க, அது வழியாத்தான் தண்ணி எறங்குது."

கூலியை வாங்கி எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டான். அவன் வண்டி மழையில் ரோட்டுக்கு ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் மாரீஸ்வரனைக் கூப்பிட்டு, ரப்பர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னாள்.