மொரீஸ் பார்த்த கப்பல்

முத்துவேல் மொரீஸை முதன்முதலில் சந்தித்ததே ஒரு வாக்குவாதத்தில்தான். கனகசெட்டிக்குளத்திலிருந்து வேலைக்காகச் சாரம் பகுதிக்குக் குடிவந்த புதிது. வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே முதல் பட்டதாரி அவன். யாரிடம் பேசினாலும் ‘முத்துவேல், பி.எஸ்சி.’ என்றுதான் ஆரம்பிப்பான். அன்று டீக்கடை பெஞ்சில் தொப்பி வைத்த ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை அசைத்தபடி சினிமாக் காட்சி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கப்பல் கெளம்பிடுச்சி. அவ மணல்ல ஓடியாரா. ‘போவாத, நில்லு! உன்ன நம்பித்தான இருந்தேன்’னு கத்துறா. அப்பதான் பரஞ்சோதி ஒத்தப் புல்லாங்குழல எடுக்குறாரு. வேற ஒரு வாத்தியம் கெடையாது. கப்பல் சின்னதாவுது, சின்னதாவுது...”

டீ மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். முத்துவேலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மணல் வரைக்கும் கப்பல் எப்படி அங்கிள் வரும்? தரை தட்டிடும். போட்டுல போய்தான் ஏறணும்.”

பெரியவர் கண்ணைத் திறந்தார். “‘நெய்தல் வாசல்’ படம் பாத்திருக்கியா நீ?”

“இல்ல.”

“பாக்காத படத்தப் பத்திப் பேசக்கூடாது. அலே, போ, டீயக் குடி.”

அவர்தான் மொரீஸ். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தா. மறைந்த இசையமைப்பாளர் பரஞ்சோதியின் ரசிகர் மன்றத் தலைவர். பாட்டை எவன் வேண்டுமானாலும் ரசிப்பான், பின்னணி இசையில் கரைகிறவன்தான் ரசிகன் என்பது அவர் கட்சி. வாசல் மணி, போன் மணி, காரைப் பின்னால் எடுக்கும்போது வரும் சத்தம் வரை எல்லாம் பரஞ்சோதிதான். “இவரு போய்ச் சேந்தா மாதா கோயில்ல பாட்டே வேணாம். அந்தக் காரு ரிவர்ஸ் எடுத்தாப் போதும்” என்பார் அவர் மனைவி ஜிஸ்லேன்.

அந்தப் புல்லாங்குழல் முத்துவேலையும் பிடித்துக்கொண்டது. மன்றத்தில் சேர்ந்தான். படித்த பையன் என்று செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆண்டுதோறும் பரஞ்சோதி நினைவு நாளில் மொரீஸ் கப்பல் காட்சியைச் சொல்வார். கூட்டம் கண்ணைத் துடைக்கும். படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கும் கதை மறந்துபோய், மொரீஸ் சொன்ன கப்பல்தான் மனதில் நின்றது. படம் தொலைக்காட்சியிலும் வரவில்லை, எங்கும் கிடைக்கவும் இல்லை.

கிடைக்காமலே இருந்திருக்கலாம். உழவர்கரையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பிரேம்குமார் மன்றத்தில் பாட்டுக் கட்சிக்காரர். தலைவர் நாற்காலி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். கடலூரில் ஒருவரிடமிருந்து படத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“இந்த வருசம் தலைவரு வாயால சொல்ல வேணாம். முழுப் படமும் திரையிலயே பாத்துருவோம்” என்று கூட்டத்தில் அறிவித்தார்.

மொரீஸ் எழுந்தார். “மழ வந்தா?”

“மண்டபத்துக்குக் கூரை இருக்குது தலைவரே.”

“பரஞ்சோதிக்கு இதெல்லாம் புடிக்காது.”

“அவரு வரப்போறாரா என்ன?”

எல்லோரும் சிரித்தார்கள். மொரீஸ் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முத்துவேலை வீட்டுக்குக் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல.”

முத்துவேலுக்குக் காபி புரையேறியது.

“கசேர்ன்ல, அதான் பட்டாளத்துக் குடியிருப்புல, படுத்துக்கிட்டு கேசட்டுலதான் கேட்டேன். அப்பல்லாம் முழுப் படத்தோட வசனமும் இசையும் கேசட்டுல வரும். என் தம்பி இங்கருந்து அனுப்புவான். வெளிய பனி கொட்டும். கண்ண மூடுனா கப்பல் தெரியும்.”

“எனக்கு எப்பவோ தெரியும்” என்றார் ஜிஸ்லேன். “பொண்ணு பாக்க வந்தப்ப இந்தக் கப்பல் கதையச் சொல்லித்தான் என்னைய மயக்குனாரு. எந்தத் தியேட்டர்ல பாத்தீங்கன்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டாரு.”

“ஊருக்கு வந்தப்புறமாவது தேடிப் பாத்திருக்கலாமே அங்கிள்?”

“பாத்தா என் கப்பல் போயிடுமேப்பா.”

இப்போது கப்பலோடு மானமும் போகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமே என்றான் முத்துவேல்.

“சொல்தாவா இருந்த மனுசன் ஒரு சினிமாவுக்குப் பயந்து படுத்துக்கிறதா? எழுந்து போங்க” என்றார் ஜிஸ்லேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபம் நிறைந்திருந்தது. மொரீஸ் முதல் வரிசையில், துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். படம் பாதியைத் தாண்டியது. “போவாத, நில்லு!” என்று ஒரு குரல். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. “உன்ன நம்பித்தான இருந்தேன்!” ஒற்றைப் புல்லாங்குழல் எழுந்தது.

திரையில் கடல் இல்லை. கப்பல் இல்லை. கதாநாயகியின் அம்மா தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், கயிற்றை அறுத்துக்கொண்டு, கல்யாண மாலையை வாயில் கவ்வியபடி ஒரு ஆடு ஓடியது. ஆடு சின்னதாகிக்கொண்டே போய்த் தெருமுனையில் மறைந்தது.

பின்வரிசையில் யாரோ “ம்மே” என்றார்கள். மண்டபமே குலுங்கியது. பிரேம்குமார் படத்தை நிறுத்தி மைக்கைப் பிடித்தார்.

“தலைவரே, கப்பல் எங்க?”

மொரீஸ் எழுந்தார். முத்துவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் இந்தப் படத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார் மொரீஸ். “கேசட்டுல கேட்டதோட சரி. கப்பல் நான் கட்டுனது.”

சிரிப்பு நின்றது. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

“ஆனா யோசிச்சுப் பாருங்கய்யா. ஓடிப்போன ஒரு ஆட்டுக்கே இப்படி வாசிக்க வெச்சிருக்கான் மனுசன்! நம்மளே ஓடிப்போனாலும் நமக்கு எவன் வாசிப்பான்?”

டீ மாஸ்டர்தான் முதலில் கைதட்டினார். “இன்னொரு தடவ போடுங்க” என்று சத்தம் எழுந்தது. வேறு வழியில்லாமல் பிரேம்குமார் மறுபடி போட்டார். இந்தத் தடவை யாரும் ‘ம்மே’ சொல்லவில்லை. ஆடு தெருமுனையில் மறைந்தபோது டீ மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். பிரேம்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்பீக்கர் தூசியாம்.

படம் முடிந்ததும் மொரீஸே மைக்கை வாங்கினார். “பாக்காத படத்தப் பத்திப் பேசக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நாற்காலிய நீயே எடுத்துக்க பிரேம்.”

இப்போது மன்றத் தலைவர் பிரேம்குமார். மொரீஸ் சாதாரண உறுப்பினர். சாரத்தில் அதே வீட்டில் ஜிஸ்லேனோடு இருக்கிறார். காலையில் டீக்கடையில் ஆட்டுக் காட்சியைச் சொல்கிறார். கப்பல் காட்சியை வீட்டில் மட்டும் சொல்கிறார், அதுவும் ஜிஸ்லேன் கேட்டால்.